கோட்டு காணாமல் போன டிசம்பர்

1987 டிசம்பர் பத்தாம் தேதி, வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு லாசரஸ் தன் வீட்டுக்குள்ளேயே திருடனைப் போல டிரங்குப் பெட்டியைத் திறந்தார். மனைவி சுகிர்தம் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். மகள் பியூலா கல்லூரிக்குப் போயிருந்தாள். கிறிஸ்துமஸுக்குத் தனக்குப் புதுத் துணி எடுத்து வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் அவருடைய நோக்கம். வருடா வருடம் அந்தப் பெட்டியில்தான் புதுத் துணி ஒளிந்திருக்கும்.

பியூலாவின் சுடிதார் துணி இருந்தது. சுகிர்தத்தின் சேலை இருந்தது. அவருக்கென்று எதுவும் இல்லை. கையை இன்னும் அடியில் விட்டுத் துழாவினார். எப்போதும் அங்கே கிடக்கும் அவருடைய கல்யாணக் கோட்டையும் காணவில்லை. பாச்சை உருண்டை வாசனை மட்டும் குப்பென்று வந்தது.

பெட்டியை மூடிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார்.

லாசரஸுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. தாம்பரம் மின்ரயில் பணிமனையில் ஃபிட்டர். கடப்பேரியில் இரண்டு அறையும் ஒரு மொட்டை மாடியுமாகச் சொந்தமாகக் கட்டிய வீடு. சத்தமான மனிதர். இரைச்சலான பணிமனையில் பேசிப் பேசி, வீட்டில் உப்பு கேட்டால்கூடத் தெருமுனைக்குக் கேட்கும். அக்டோபர் பிறந்ததும் கிறிஸ்துமஸ் வேலையைக் கையில் எடுத்துவிடுவார். சுண்ணாம்பு அடிப்பது அவர். மூங்கில் சீவி நட்சத்திரம் கட்டுவது அவர். பாரிமுனைக்குப் போய் முந்திரியும் திராட்சையும் வாங்குவது அவர். தையல்காரனோடு சண்டை போடுவதும் அவர்தான். எப்படியும் இருபத்து மூன்றாம் தேதிக்குள் ஏதாவது ஒன்று கெட்டுப்போகும், அவர் கத்துவார், சுகிர்தம் ஒரு மூச்சு அழுவாள். அழுது முடித்தால்தான் பண்டிகை வந்ததாகக் கணக்கு.

அந்த வருடம் செப்டம்பரில், ரயில் நிலையத்து மேம்பாலப் படியில் ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டுக்கு அனுப்பும் அன்று டாக்டர் அவரிடம், "சிகரெட் கூடாது, ரெஸ்ட் எடுங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு சுகிர்தத்தை வெளியே கூப்பிட்டார். கதவில் சின்னக் கண்ணாடிச் சதுரம் ஒன்று இருந்தது. அதன் வழியாக லாசரஸ் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் வெகு நேரம் பேசினார். சுகிர்தம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். உள்ளே வருவதற்கு முன் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்லைங்க. நல்லா இருக்கீங்களாம்."

அதை அவர் நம்பவில்லை. ஆனால் மறுபடி கேட்கத் துணிச்சலும் வரவில்லை.

அக்டோபர் வந்தது. வீட்டில் யாரும் கிறிஸ்துமஸ் என்ற சொல்லையே எடுக்கவில்லை. "சுண்ணாம்புக்குச் சொல்லணுமே" என்று ஒருநாள் தொடங்கிப் பார்த்தார். "அதெல்லாம் பாத்துக்கலாம். நீங்க படுங்க" என்றாள் சுகிர்தம். நவம்பரும் போயிற்று. முறுக்கு சுடும் எண்ணெய் வாசனை பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அவர் வீட்டிலிருந்து வரவில்லை. தீபாவளி முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டதே, சாம்பசிவன் வீட்டில் இப்போது என்ன முறுக்கு என்று நினைத்துக்கொண்டார். அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்கவில்லை. யோசனையெல்லாம் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே இருந்தது.

பால்காரி கிளியம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"இன்னா சார், இந்த வர்சம் இஸ்டாரு கட்டலியா? போன வர்சம் தெருவே நின்னு பாத்துகினு இருந்துச்சே."

அவர் பதில் சொல்வதற்குள் சுகிர்தம் சமையலறையிலிருந்து ஓடி வந்து, "கிளியம்மா, இப்படி வா" என்று அவளைச் சந்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். மறுநாள் கிளியம்மாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அளந்த பாலுக்கு மேல் ஒரு கரண்டி அதிகமாக ஊற்றினாள்.

"இது உனுக்கு சார். குட்ச்சிட்டு நல்லா இரு."

கிளியம்மாள் கொசுறு கொடுத்து அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. நுரையில் பாதி அளப்பவள். அந்த ஒரு கரண்டிப் பால் லாசரஸை உலுக்கிவிட்டது. இவளுக்கும் தெரிந்திருக்கிறது என்று நினைத்தார்.

இன்னொரு நாள் மாலை, காற்றுக்காகக் கேட்டருகே வந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் சாம்பசிவனின் மனைவி ரமா, "சாருக்குத் தெரிய வேண்டாம்கா. தெரிஞ்சா தாங்க மாட்டார்" என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். சுகிர்தம் "ம்" என்றாள். அவர் வந்த சுவடு தெரியாமல் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார்.

இப்போது கோட்டும் இல்லை.

அந்தக் கோட்டு என்ன ஆயிற்று என்பது இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. சுகிர்தத்தின் பாட்டுப் புத்தக அட்டைக்குள் சலவைக்கடைச் சீட்டு ஒன்று செருகியிருந்தது. 'கோட்டு 1, பேண்ட் 1. டிரை வாஷ். அவசரம். 23ஆம் தேதிக்குள்' என்று கடைக்காரன் துரையின் கோழிக்கிறுக்கல்.

வேறொரு வீட்டுக்காரனுக்கு அந்தச் சீட்டு ஒரு சலவைச் சீட்டு, அவ்வளவுதான். லாசரஸுக்கு அப்படியில்லை. அவர் குடும்பத்தில் கல்யாணக் கோட்டை ஆண்கள் இரண்டு முறைதான் போடுவார்கள். ஒன்று, கோயிலில் மோதிரம் மாற்றும்போது. மற்றொன்று, சவப்பெட்டியில் வைக்கும்போது. அதற்காகவே பாச்சை உருண்டை போட்டுக் காப்பாற்றி வைப்பார்கள். அவருடைய அப்பா இறந்தது 1946ஆம் வருடம் டிசம்பர் இருபத்து நான்காம் தேதி. லாசரஸுக்குப் பதினோரு வயது. விறைத்துப்போன கைகள் கோட்டுக்குள் நுழையவில்லை என்று சித்தப்பா ஒருவர் கத்திரிக்கோலை எடுத்து, கோட்டின் முதுகைக் கழுத்திலிருந்து இடுப்புவரை வெட்டினார். கனத்த கம்பளித் துணி கத்திரிக்குள் கர்கர்ரென்று அறுபடும் சத்தம் அவர் காதைவிட்டுப் போகவே இல்லை. முன்பக்கம் மாப்பிள்ளை மாதிரி இருந்த அப்பாவுக்கு முதுகுப் பக்கம் ஒன்றுமே இல்லை என்பது அந்தக் கூட்டத்தில் அவருக்கும் சித்தப்பாவுக்கும் மட்டும் தெரியும்.

அதன் பிறகு அவர் வீட்டில் கிறிஸ்துமஸ் இல்லாமல் போயிற்று. இருபத்து நான்காம் தேதி அம்மா மெழுகுவர்த்தியோடு கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போவாள். மறுநாள் ஊரெல்லாம் கேக் தின்னும்போது இவர்கள் வீட்டில் கஞ்சி. தனக்கென்று ஒரு குழந்தை பிறந்தால் அதற்கு டிசம்பர் மாதம் முழுக்கச் சத்தமும் வாசனையுமாக இருக்க வேண்டும் என்று அவர் அந்தக் கஞ்சித் தட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்தார். பியூலாவுக்கு இப்போது பத்தொன்பது வயது. பத்தொன்பது கிறிஸ்துமஸும் குறையில்லாமல் கொடுத்தாயிற்று.

இருபத்து மூன்றாம் தேதிக்குள்.

டாக்டர் தேதியே சொல்லிவிட்டார் போலிருக்கிறது. சாவைவிட அந்தத் தேதிதான் அவரை நடுங்க வைத்தது. ஜனவரியில் ஆகக் கூடாதா, பொங்கல் முடிந்து ஆகக் கூடாதா என்று மனசுக்குள் யாரிடமோ பேரம் பேசினார். அது முடியாதென்று தோன்றியதும், இனி ஆக வேண்டியதைப் பார்ப்போம் என்று எழுந்தார். நடப்பது நடக்கட்டும், பிள்ளையின் பண்டிகை மட்டும் கெடக் கூடாது. முன்கூட்டியே எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிட்டால் அவர்களுக்கு அலைச்சல் இருக்காது.

வீட்டில் நடை பழகுவதாகச் சொல்லிவிட்டு மெல்ல மெல்லக் கோயிலுக்குப் போனார். மணி அடித்து, பெஞ்சு துடைத்து, குழியும் வெட்டுகிற கோயில்பிள்ளை யேசுவடியான் வேப்பமரத்தடியில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே வயது.

"மதில் ஓரமா இடம் ஏதாவது காலியா இருக்கா யேசுவடியான்?"

"யாருக்கு?"

"ஒருத்தருக்கு. டிசம்பர் கடைசில தேவைப்படலாம்."

யேசுவடியான் அவரை மேலும் கீழும் பார்த்தார். "ரிசர்வேஷன் எல்லாம் உங்க ரயில்வேலதான் சார். இங்க வெயிட்டிங் லிஸ்ட்டே கிடையாது. வந்தா கன்பார்ம்."

"விளையாடாதப்பா."

"நீங்கதான் விளையாடுறீங்க. கிறிஸ்துமஸ் வாரத்துல குழி வெட்ட ஆள் எவன் வருவான்? அந்த ஒருத்தரைக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க."

லாசரஸ் சிரிக்கப் பார்த்தார். உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. திரும்பி வரும்போது ஒவ்வொரு விளக்குக் கம்பத்தையும் பிடித்துக்கொண்டு நின்று நின்று வந்தார்.

பதினெட்டாம் தேதி, சுகிர்தம் ரமா வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, பியூலாவின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினார்.

'சுகிர்தத்துக்கு. 24ஆம் தேதியோ அதற்கு முன்போ ஆகிவிட்டால், பிள்ளை புதுத் துணி உடுத்த வேண்டும். கேக் வெட்ட வேண்டும். என்னை 26 அன்று எடுத்தால் போதும். ஐஸ் வைத்துக்கொள்ளலாம், குளிர்காலம்தான். ஆண்டுதோறும் கல்லறைக்குப் போகிறவர்கள் 24 அன்று போகக் கூடாது. பிறந்த நாளுக்குப் போங்கள், அது மே மாதம். கோட்டை வெட்டாதீர்கள். கை நுழையாவிட்டால் மேலே போர்த்தினால் போதும்.'

கடைசி வரியை எழுதும்போது பேனா தாளைக் கிழித்தது. மடித்துத் தன் பனியனுக்குள் வைத்துக்கொண்டார். அன்று முதல் அது அங்கேயே வியர்வையில் நனைவதும் காய்வதுமாக இருந்தது.

இருபத்து மூன்றாம் தேதி முழுக்க அவர் கட்டிலைவிட்டு அதிகம் நகரவில்லை. மூச்சை இழுத்தால் ஏதாவது அறுந்துவிடுமோ என்று அரை மூச்சாகவே விட்டுக்கொண்டிருந்தார். மாலை சுகிர்தம் வெறும் பையோடு வந்து பியூலாவிடம் கிசுகிசுப்பது கேட்டது. "நாளைக்குக் காலைலதான் தருவானாம் அந்தத் துரை." லாசரஸ் கண்ணை மூடிக்கொண்டார். அப்பா போன அதே தேதிதான்.

இருபத்து நான்காம் தேதி, சரியாக வெளுக்காத பொழுதில் அழுகைச் சத்தம் கேட்டு விழித்தார்.

ஒரு பெண் அழுதாள். பிறகு இரண்டு பேர். பிறகு தெருவே அழுதது. மார்பில் அறைந்துகொள்ளும் சத்தம் ஜன்னலுக்கு வெளியே கேட்டது. லாசரஸ் மல்லாந்து அசையாமல் கிடந்தார். முடிந்துவிட்டது, இவர்கள் எனக்காகத்தான் அழுகிறார்கள் என்று அவருக்குத் திட்டமாகத் தோன்றியது. கையைத் தூக்கிப் பார்க்கலாம். தூக்க முடியாவிட்டால் என்ன செய்வது என்று பயந்து தூக்கவில்லை. வாசலில் கிளியம்மாளின் குரல் பீறிட்டது.

"பூட்டாரும்மா... நம்மளையெல்லாம் உட்டுட்டுப் பூட்டாரும்மா..."

பால் பாத்திரம் படியில் உருண்டது. அந்த ஓசைதான் அவரை எழுப்பி உட்கார வைத்தது. செத்தவன் காதில் பாத்திரம் உருளுமா?

மதிலருகே சாம்பசிவன் டிரான்சிஸ்டரோடு நின்றிருந்தார். அதிலிருந்து வெறும் வீணை வந்துகொண்டிருந்தது. "முதலமைச்சர் காலமாயிட்டார் சார். ராத்திரியே. மெயின் ரோடுல கடையெல்லாம் அடிச்சு மூடுறாங்க. பஸ் ஒண்ணும் ஓடலை. நீங்க உள்ள போங்க, உங்களுக்கு டென்ஷன் ஆகாது."

லாசரஸ் உள்ளே போனார். சமையலறையில் சுகிர்தம் தரையில் உட்கார்ந்திருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, சத்தம் வராமல் குலுங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பியூலா செய்வதறியாமல் நின்றாள்.

"மூணு மாசம்," என்றாள் சுகிர்தம், யாரையும் பார்க்காமல். "மூணு மாசமா பொத்திப் பொத்தி வச்சேன். கேக்கு பேக்கரில கிடக்கு. காலைல கோயிலுக்குப் போக ஏகநாதன் டாக்சிக்குச் சொல்லியிருந்தேன், அவன் வண்டி எடுக்க மாட்டானாம். கோட்டு சலவைக்கடையில மாட்டிக்கிச்சு. எல்லாம் போச்சு. நல்லா போச்சு."

"கோட்டு எதுக்கு சுகிர்தம்?"

கேட்டபோது அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. பியூலாதான் பதில் சொன்னாள். "உங்களுக்குத்தான்பா. பனி ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. விடியற்காலை ஆராதனைக்கு எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு அம்மா யோசிச்சுது. வீட்ல கம்பளியா இருக்கிறது அது ஒண்ணுதானே."

"எனக்குப் புதுத் துணி?"

"தைச்சு ரமா அக்கா வீட்ல இருக்கு. உங்க பழைய சட்டையைக் கொடுத்து அளவெடுத்தோம். முறுக்கு, அதிரசம் எல்லாம் அங்கதான் இருக்கு. உங்ககிட்ட சொன்னா நீங்க ஏணில ஏறுவீங்க, பாரிமுனைக்குப் போவீங்க, தையல்காரன்கிட்ட சண்டைக்குப் போவீங்கன்னு..."

லாசரஸ் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுகிர்தத்தின் எதிரில் தரையில் உட்கார்ந்தார். பனியனுக்குள்ளிருந்து தாளை எடுத்துக் கொடுத்தார். அவள் வாசித்தாள். 'ஐஸ் வைத்துக்கொள்ளலாம்' என்ற இடத்தில் அவள் வாய் திறந்தது. கடைசி வரிக்கு வந்ததும், "என்ன வெட்டுறது? யார் வெட்டுறது?" என்று கேட்டாள். இருபத்து மூன்று வருடத் தாம்பத்தியத்தில் அவர் அப்பாவின் கோட்டைப் பற்றி அவளிடம் சொன்னதில்லை. அன்று சொன்னார். சொல்லும்போது கத்திரிக்கோல் போல விரல்கள் தாமாகவே அசைந்தன.

சுகிர்தம் தாளை மடித்தாள். பிறகு கோபம் வந்தது. "உசுரோட இருக்கிற மனுஷன் இப்படி எழுதி நெஞ்சுல வச்சுக்கிட்டுத் திரிஞ்சா அந்த நெஞ்சு எப்படிங்க ஆறும்?"

"டாக்டர் என்னதான் சொன்னாரு? இப்பவாவது சொல்லு."

அவள் பியூலாவைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"பாதி நெஞ்சுதான் வேலை செய்யுதாம். இந்தக் குளிர்காலம் தாண்டிட்டா அப்புறம் பயம் கொறைச்சலாம். தாண்டுமான்னு கேட்டேன். கேரண்டி கிடையாதும்மா, டென்ஷன் இல்லாம பாத்துக்கோங்கன்னாரு. அதான் சொன்னாரு. அதைத்தான் நான் மூணு மாசமா தின்னுகிட்டு இருக்கேன்."

அப்படியென்றால் அவர் பயந்தது முழுக்கப் பொய்யுமில்லை. லாசரஸுக்கு மறுபடி பயம் வந்தது. ஆனால் இந்த முறை எதிரில் உட்கார்ந்திருந்தவளின் முகத்திலும் அதே பயத்தைப் பார்த்தார். செப்டம்பரிலிருந்து இந்தப் பெண்பிள்ளை தனியாகக் காவல் இருந்திருக்கிறாள். அவரோ சுவருக்கு இந்தப் பக்கம் தனியாகக் கிடந்திருக்கிறார்.

"நாளைக்குக் கோயில் வேணாம்," என்றாள் சுகிர்தம். "வண்டி இல்லை. கோட்டும் இல்லை. வீட்லயே ஜெபம் பண்ணிக்கலாம்."

"போவோம். பிள்ளையை வீட்ல உக்கார வைக்க வேணாம்."

"முக்கால் மைல் நடக்கணும்பா," என்றாள் பியூலா.

"போன வாரம் நடந்தேனே. யேசுவடியானைப் பாக்க." எதற்குப் போனார் என்று அவள் கேட்டாள். சொன்னார். பியூலா சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அன்று பகல் முழுக்கத் தெருவில் ஒப்பாரி. முனையில் மறைந்தவரின் படத்துக்கு மாலை போட்டு ஊதுவத்தி ஏற்றியிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்குள் மூவரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து மறுநாள் காலையைப் பற்றிப் பேசினார்கள். எத்தனை விளக்குக் கம்பம், எங்கே நிற்பது, நெஞ்சு வலித்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை யார் கையில் இருப்பது. பயப்பட வேண்டியதையெல்லாம் ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொன்னார்கள். சாயங்காலம் சாம்பசிவன் ஒரு கறுப்புக் கம்பளியோடு வந்தார்.

"போன வருஷம் மலைக்குப் போறப்ப வாங்கினது சார். ஐயப்பன் போர்வைன்னு உங்க சாமி கோச்சுக்க மாட்டாரே?"

"என்னை இழுத்து மூடினா சரி," என்றார் லாசரஸ். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் எங்கே போய் நிற்கிறது என்று தெரிந்தது. சுகிர்தம் முறைத்தாள்.

லாசரஸ் அதற்குப் பிறகு இன்னும் எட்டு குளிர்காலங்களைப் பார்த்தார். 1996 ஜூலையில், வெயில் கொளுத்திய ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவப் போனவர் திரும்பவில்லை. ஆனால் அந்த 1987 கிறிஸ்துமஸ் காலை நாலேகால் மணிக்குக் கேட்டைத் திறந்து வெளியே வந்தபோது இது எதுவும் அவருக்குத் தெரியாது. தலையில் குரங்குக் குல்லாய், உடம்பில் கறுப்புக் கம்பளி, கம்பளிக்குள் புதுச் சட்டை. பியூலா ஒரு கையில் சமையலறை முக்காலியைத் தூக்கிக்கொண்டாள். சுகிர்தத்தின் கைக்குட்டை முடிச்சில் மாத்திரை இருந்தது.

தெரு வெறிச்சோடிக் கிடந்தது. பனியில் திருநீர்மலைப் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. மூன்று கம்பத்துக்கு ஒருமுறை முக்காலியைப் போட்டார்கள். நடுத்தெருவில் அவர் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். இருவரும் இரு பக்கமும் நிற்பார்கள்.

கோயில் வளைவு கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் அவருடைய இடது தோளில் இலேசாக ஏதோ இழுத்தது. தோளா, நெஞ்சா என்று புரியவில்லை. நெற்றி வியர்த்தது.

"சுகிர்தம், இங்க இழுக்குது."

முக்காலி உடனே வந்தது. அவள் முடிச்சை அவிழ்த்தாள். இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை மாத்திரை வெளியே வந்தது. அதை அவர் நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார். அவருடைய மணிக்கட்டைப் பியூலா பிடித்துக்கொண்டாள், நாடி பார்க்கத் தெரியாமலே. உள்ளே முதல் பாட்டு தொடங்கிவிட்டது. மாத்திரை கரையும்வரை மூவரும் பனியில் அப்படியே இருந்தார்கள்.

"விட்டிடுச்சா?" என்றாள் சுகிர்தம்.

"கொஞ்சம்."

"பொய் சொல்லாதீங்க."

"கொஞ்சம்தான் விட்டிருக்கு. பயமா இருக்கு."

"எனக்கும்தான். இன்னும் கொஞ்சம் உக்காருங்க, பாட்டு நிறைய இருக்கு."

அவர் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது பாட்டு முடிந்ததும் பியூலாவின் தோளைப் பிடித்து எழுந்தார்.